ஓட்டு ஞானஸ்நானம் அல்ல

எர்மோன், அலபாமா
ஜூன் 1966

அன்பு மகன் லெவிக்கு, அம்மா எழுதுவது. டெட்ராய்டில் இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும் நேரத்தில் நீயும் பெர்னிஸும் பிள்ளைகளும் கர்த்தருடைய செட்டைகளுக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால், எனக்குக் கடைவாய்ப் பல், இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் குறை ஒன்றும் இல்லை. முதலில் பிள்ளைகள் செய்தி, மற்றதெல்லாம் பிறகு. உன் தங்கை ஒடெஸாவின் மூத்தவள் வெல்மா பள்ளிக்கூடம் முழுவதிலும் முதலாவதாகத் தேறிவிட்டாள். பட்டமளிப்பு மேடையில் எல்லோருக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். செப்டம்பரில் ஆசிரியர் கல்லூரி, நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிற முதல் கால் அவளுடையது. எனக்கு ஐந்தாம் வகுப்போடு பருத்திக்காடு வந்துவிட்டது, அது உனக்குத் தெரியும், ஆனாலும் அவள் பேசிய பெரிய பெரிய வார்த்தைக்கெல்லாம் புரிந்தவளைப் போலவே தலையாட்டினேன். அடுத்தவன் கார்ல்ட்டன் பள்ளி வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறான், அவன் ஊத ஆரம்பித்தால் பக்கத்துப் பண்ணைக் கோவேறு கழுதை காதை மடக்கிக்கொள்கிறது, கழுதைக்கு என்ன தெரியும். மூன்றாமவள் ரூத்தான் வேதத்திலேயே மிக நீளமான சங்கீதத்தைப் பார்க்காமல் ஒப்பித்தாள், போதகர் நடுவில் கண்ணயர்ந்து விழித்தபோதும் அவள் நிறுத்தவில்லை. கடைக்குட்டி டைட்டஸ் சாக்கு ஓட்டத்தில் முதல் பரிசு. சாக்கு கிழிந்து அவன் ஒரு கால் வெளியே வந்துவிட்டது, அதனால்தான் ஜெயித்தான் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். பொறாமை. உன் மகன் நீச்சலில் பதக்கம் வாங்கியதையும் நான் சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன், இங்கே யாருக்கும் தெரியாமல் இல்லை.

இப்போது நீ ஆவலாக எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒடெஸா குடும்பத்துக்காக மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்து, கட்டில் வாங்கிப் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். உன் நல்ல மனசுக்கு உனக்கு ஆசீர்வாதம் உண்டு. அந்தக் கட்டில் இந்த மே மாதம் முழுக்க என் நெஞ்சின் மேல்தான் கிடந்தது மகனே. ஒடெஸாவின் புருஷன் எசெல், நம் பகுதிச் சாலைகளையும் பாலங்களையும் கவனிக்கும் கவுன்ட்டி கமிஷனர் பதவிக்கு நிற்கிறேன் என்று பெயர் கொடுத்த வாரமே, மரம் அறுக்கும் மில்லில் அவனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெயித்தால் இங்கே பிழைப்பு. தோற்றால் இந்தக் கவுன்ட்டியில் அவனுக்கு ஒருவரும் மண்வெட்டி கூடக் கொடுக்க மாட்டார்கள், நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு உன்னிடம் வந்துவிட வேண்டியதுதான். டெட்ராய்டு நல்ல ஊர்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை, உன்னைக் கொண்டுபோன ஊர். ஆனால் பெற்றதைத்தான் கொடுத்தேன், பேரப்பிள்ளைகளையுமா கொடுப்பேன். அதனால் எசெல் ஜெயிப்பதா தோற்பதா என்பது எனக்கு ஓடைப் பாலத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை, பாலமும் பல்லிளித்துக்கொண்டுதான் நிற்கிறது, பள்ளி பஸ் இன்னும் அந்தக் கரையோடு திரும்பிவிடுகிறது, பிள்ளைகள் சேற்றில் நடந்துதான் போகிறார்கள் என்பது வேறு.

மே மாத ஆரம்பத்தில், கட்சிக்குள் ஆளைப் பொறுக்கும் முதல் ஓட்டு நடந்தது. நீ அன்று இங்கே இருந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் உன் அப்பா ஓட்டுப் பட்டியலில் பெயர் பதியக் கோர்ட்டுக்குப் போனால், வாசிக்கச் சொல்லி, விளக்கம் கேட்டு, கடைசியில் கதவையே திறக்காமல் திருப்பி அனுப்பிய கதை உனக்குத் தெரியும். நம் கறுப்பு ஜனங்களையும் பதிய வேண்டும் என்று போன வருஷம் சட்டம் வந்த பிறகு வாஷிங்டனிலிருந்து ஆட்கள் வந்து தபாலாபீஸில் மேசை போட்டார்கள், பெயர் என்ன, வயது என்ன, எங்கே குடியிருக்கிறாய், அவ்வளவுதான், உன் அப்பா அன்று வெளியே வந்து இவ்வளவுதானா இவ்வளவுதானா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அப்படிப் பதிந்தவர்கள் எல்லோரும் ஓட்டன்று கிளம்பினதைப் பார்த்தால், ஈஸ்டர் ஞாயிறு தவறிப்போய் செவ்வாய்க்கிழமையில் விழுந்துவிட்டதோ என்று தோன்றும். பெண்கள் வெள்ளைக் கையுறையும் பூ வைத்த தொப்பியுமாக வந்தார்கள். உன் அப்பா அலமாரியின் அடியிலிருந்து, தான் செத்தால் போட்டுவிடச் சொல்லி அந்துருண்டை போட்டு வைத்திருந்த கறுப்பு சூட்டை எடுத்தார். அது சவப்பெட்டிக்குன்னு வச்சதாச்சே டீக்கன் என்றேன், சபையில் மூத்த ஊழியரான டீக்கன் ஆனதிலிருந்து வீட்டிலும் அவரை அப்படித்தானே கூப்பிடுகிறேன். ஆமா, இன்னிக்கும் பெட்டிக்குத்தானே போறேன், அந்தப் பெட்டில என்னை யாரும் பாக்க மாட்டாங்க, இந்தப் பெட்டிகிட்ட எல்லாரும் பாக்கட்டும் என்றார். எதிரே பிக்கப் வண்டியில் சாய்ந்து கைகட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் சிலர் எங்களையே முறைத்துக்கொண்டு நின்றார்கள், நாங்களும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றோம். தொண்ணூறு வயதை நெருங்கும் சிஸ்டர் டெம்பி சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் வாங்கி எழுந்தவளைப் போலவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அல்லேலூயா சொல்லிக்கொண்டு வந்தாள். யாரோ பாட்டு எடுத்தார்கள். பிறகு சபை மைதானத்தில் பொரித்த கோழியும் மாவுக்குள் வைத்துச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பும். எங்கள் ஆயுசிலேயே அப்படி ஒரு நாள் இல்லை, அதுதான் பிறகு வம்பாகப் போயிற்று.

எண்ணிப் பார்த்ததில் எசெல்தான் முன்னால். ஆனால் நின்றவர்கள் மூன்று பேர், அவனுக்குப் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை, அதனால் அவனும் இப்போது பதவியில் இருக்கும் ஹாஸ்க்யூ துரையும் மட்டும் மாதக் கடைசியில் மறுபடி மோத வேண்டும், எல்லோரும் மறுபடி வந்து ஓட்டுப் போட வேண்டும் என்று வந்துவிட்டது. எசெல் வந்து இதைச் சொன்னபோது உன் அப்பா வராந்தாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் போட்டாச்சே மாப்பிள்ளே என்றார். அது முதல் ஓட்டுப்பா, இது ரெண்டாவது என்றான் எசெல். ஆத்துல முங்கி ஞானஸ்நானம் வாங்கினவனை யாராவது மறுபடி முக்குவாங்களா, ரெண்டாந்தரம் முங்குறவன் முதல்ல முங்கினதை நம்பாதவன், நான் நம்பித்தான் போட்டேன் என்றார் உன் அப்பா. அப்பா, இது சட்டம்பா என்று எசெல் கெஞ்சினான். சட்டம் என்னை எத்தனை தடவை வாசல்ல நிறுத்தி வச்சிருக்குன்னு உனக்குத் தெரியுமா, இன்னிக்கு வா நாளைக்கு வான்னு அதே விளையாட்டுத்தான் இது, போட்டதைத் தொலைச்சுட்டு மறுபடி கேக்குறானுங்க, என் வார்த்தையை ஒரு தடவை குடுத்துட்டேன், அதை அவனுங்க காப்பாத்தி வைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பட்டாணியை உரிக்க ஆரம்பித்துவிட்டார். எசெல் என்னைப் பார்த்தான். நான் பட்டாணியைப் பார்த்தேன். மருமகன் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கும்தான் ஆசை, அதில் சந்தேகம் வேண்டாம், ராத்திரி ஜெபத்தில் அவன் பெயரைத்தான் முதலில் சொல்கிறார், ஆனால் ஓட்டை மட்டும் ஏற்கெனவே போட்டுவிட்டதாக ஆண்டவரிடமே சாதிக்கிறார்.

வீட்டோடு போயிருந்தால் ஒரு ஓட்டுத்தான் நஷ்டம். உன் அப்பா டீக்கன் ஆயிற்றே. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இதையே எழுந்து சொல்லிவிட்டார், கிழங்கள் எல்லாம் ஆமென் போட்டன. சிஸ்டர் டெம்பி தன் கையுறையைத் துவைத்து இஸ்திரி போட்டு, என்னை அடக்கம் பண்ணுறப்போ இதைத்தான் மாட்டணும், ஓட்டுப் போட்ட கை இது என்று மகளிடம் கொடுத்துவிட்டாளாம். மறுபடி போகணும் பாட்டி என்று வெல்மா போய்ச் சொன்னதற்கு, டீக்கன் போனா நானும் போறேன், டீக்கன் போகலேன்னா என் கை அழுக்காக வேண்டாம் என்றாளாம். வெல்மா கறுப்புப் பலகையில் எழுதுவதுபோலப் பாதி என்றால் என்ன, பாதிக்கு மேல் என்றால் என்ன என்று வீடு வீடாக விளக்கிப் பார்த்தாள், எல்லோரும் சமர்த்துப் பெண் என்று அவளுக்குக் கேக் கொடுத்து அனுப்பினார்கள். ஹாஸ்க்யூ துரையின் பக்கத்திலோ முதல் தடவை சோம்பலாக வீட்டில் இருந்தவர்களெல்லாம் இப்போது விழித்துக்கொண்டு, பாட்டன் காலத்து மோட்டாரைக்கூடத் துடைத்து ஓட்டுக்கு ஆள் ஏற்றத் தயார் செய்வதாகக் காற்றில் செய்தி வந்தது. எசெல் மெலிந்துவிட்டான். ஒருநாள் நான் ஒடெஸா வீட்டுக்குப் போனால் அவள் பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். என்னடி இது என்றேன். சும்மாதாம்மா, தூசி படியுது என்றாள். அவள் பொய் சொன்னால் மூக்கு நுனியைத் தடவுவாள், சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியுமே. தடவினாள்.

வீட்டுக்கு வந்து சோளரொட்டிக்கு மாவு கலக்கும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. நம் சபைக்குப் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார், அன்றுதான் திருவிருந்து, அதற்கு அப்பம் சுட்டு, திராட்சரசம் ஊற்றி, மேசையில் வைத்து வெள்ளைத் துணியால் மூடுவது டீக்கன் பெண்சாதியின் வேலை, நீ சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து நான்தான் செய்கிறேன். இந்தத் தடவை அந்த ஞாயிறு, இரண்டாவது ஓட்டுக்கு முன்னால் வந்து விழுந்தது. வழக்கம்போல அப்பம் சுட்டேன். வழக்கம்போல மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தேன், தட்டுகளும் கோப்பைகளும் துணிக்கு அடியில் மேடுமேடாகத் தெரிந்தன. பாட்டு முடிந்து, போதகர் பேசி முடித்து, உன் அப்பா வெள்ளைக் கையுறையோடு எழுந்து போய்த் துணியின் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக மடித்தார். தட்டு காலி. கோப்பை காலி. துடைத்து வைத்த பாத்திரம் அவரைப் பார்த்துப் பளபளத்தது. அவர் துணியை மறுபடி மூடி, மறுபடி திறந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, சிஸ்டர் அர்லீத்தா, அப்பம் எங்கே என்றார், சபையில் என்னைச் சிஸ்டர் என்றுதான் சொல்வார். நான் எழுந்து நின்றேன். போன மாசம்தான் சாப்பிட்டோமே டீக்கன் என்றேன். என்ன சொல்றே என்றார். போன மாசம் இதே மேசையில எல்லாரும் விசுவாசமாத்தானே சாப்பிட்டோம், மறுபடி சாப்பிடுறவங்க முதல்ல சாப்பிட்டதை நம்பாதவங்கன்னு நினைச்சேன், அதான் சுடலே என்றேன். பின்வரிசையிலிருந்து சிஸ்டர் டெம்பியின் குரல்தான் முதலில் வந்தது, ஏ அர்லீ, எனக்குப் போன மாசம் தின்னது அன்னிக்கே செரிச்சுப் போச்சு, எனக்கு இந்த மாசத்துக்கு வேணும் என்றாள். அவ்வளவுதான், போதகரே முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குலுங்கினார். நான் விடவில்லை. ஞானஸ்நானம் ஒரு தடவை, சரி, நான் ஒத்துக்கறேன், ஆனா அன்னிக்கு ஆத்துல இருந்து ஏறி வந்தவங்களை ஆண்டவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோன்னா சொன்னார், பந்தியில உக்காருன்னார், மாசாமாசம் உக்காருன்னார், தபாலாபீஸ்ல பேரைக் குடுத்தோமே அதுதான் டீக்கன் முங்கினது, ஓட்டு இந்தப் பந்தி, பசிக்கிறப்போ எல்லாம் வந்து உக்காரணும், நாம உக்காரலேன்னா நம்ம தட்டை வேற ஆளு எடுத்துக்குவான், இப்படிச் சொல்லிவிட்டு, பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்த கூடையை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன். அப்பம் சூடு ஆறாமல் இருந்தது, பக்கத்தில் திராட்சரசப் புட்டியும் இருந்தது. உன் அப்பா என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டத்தில் அவரை யாரும் இதுவரை அப்படி நிறுத்தியதில்லை. அவர் அப்பத்தை எடுத்துத் தட்டில் வைத்தார், பரிமாறினார், எல்லாம் முறையாகச் செய்தார், கடைசியில் சபையைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலையில வண்டி என் வீட்டு வாசல்ல இருந்து கிளம்பும், பசிக்கிறவங்க வாங்க என்றார். என்னிடம் மட்டும் இரண்டு நாள் பேசவில்லை, உப்பைக் கூட ரூத்தான் வழியாகத்தான் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மழை. ஓடைப் பாலத்தில் பலகை வழுக்கியது, எசெலின் டிரக்கைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, கிழவர்களைக் கையைப் பிடித்து ஒவ்வொருவராக நடத்திக் கூட்டிவர வேண்டியிருந்தது. பாலம் ஏன் வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் பிரசங்கம் பண்ண வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை வந்த கூட்டத்தைப் போல வந்தது என்று சொன்னால் பொய், பாட்டு இல்லை, பூத்தொப்பி பாதிக்கு மேல் வீட்டிலேயே இருந்தது, வயலுக்கு மழையிலும் போகிற சிலர் இதற்கு மழைக்குப் பயந்து வராமலும் போனார்கள். ஆனால் கிழங்கள் ஒன்று தவறாமல் வந்தன. உன் அப்பா அதே சூட்டில் வந்தார், கால்சட்டை முழங்கால் வரை சேறு. சிஸ்டர் டெம்பி கையுறை இல்லாமல் வந்து, இன்னிக்குச் சாப்பாட்டுக் கை, வெறுங்கையே போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் வானொலியில் சொன்னார்கள், நம் எசெல் ஜெயித்துவிட்டான் லெவி. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா, நம் சபைக் கிழங்கள் அத்தனை பேரையும் எண்ணினால் சரியாக அவ்வளவு வரும். எசெல் வாசலில் நின்று தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான், உன் அப்பா அவன் தோளில் கையை வைத்து, மாப்பிள்ளே, முதல்ல அந்தப் பாலம், இந்த சூட்டுக்கு மறுபடி சேறு ஆகாது என்றார். ஒடெஸா அன்றைக்கே தட்டுகளைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டாள், நானே பார்த்தேன், இந்தத் தடவை மூக்கைத் தொடவில்லை. ஆகவே உன் மாடிக் கட்டிலில் வேறு யாரையாவது படுக்க வை மகனே, பிள்ளைகள் இங்கேதான் இருக்கப் போகிறார்கள்.

முடிந்தது என்று நினைத்து உட்கார்ந்தால் வெல்மா வந்து, நவம்பரில் எல்லாக் கட்சிக்கும் சேர்த்துப் பெரிய ஓட்டு இருக்கிறது, அதில் ஹாஸ்க்யூ துரையின் ஆட்கள் சீட்டில் அவர் பெயரைக் கையால் எழுதிப் போடப் போகிறார்களாம், அதனால் நாம் மறுபடியும் எல்லோரும் போக வேண்டும் என்கிறாள். உன் அப்பா ஆணியில் தொங்கின சூட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, அர்லீ, இப்படியே போனா நான் சாகறதுக்குள்ள இந்த சூட் தேஞ்சு போயிரும் போலிருக்கே, எனக்குப் பெட்டிக்கு வேற ஒண்ணு தைக்கணும் என்றார். அப்போது உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. நம்ம லெவி அங்க போனதுல இருந்து எல்லா ஓட்டும் போட்டிருப்பான் இல்லே, அங்க அவனை யாரும் வாசல்ல நிறுத்தலையே, எத்தனை தடவை பந்தியில உக்காந்திருப்பான் பாரு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு பார்க்கிற ஆளிடமெல்லாம், நாங்க இப்பத்தான் கத்துக்கறோம், என் பையன் டெட்ராய்டுல இதுல பழந்தின்னு கொட்டை போட்டவன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அடுப்படியில் என்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது மகனே. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா காலைத் தூக்கி வைக்கத்தான் தெம்பு இருக்கும்மா, அந்த வரிசைல போய் யாரு நிக்கிறது, நான் ஒருத்தன் போடாட்டி என்ன குடிமுழுகிடும், ஒரு தடவைகூடப் போகலேம்மா என்றாய். நீ மட்டும் இல்லையாம், அங்கே பாதிப் பேர் அப்படித்தான் என்றும் சொன்னாய். நான் அதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, நீ கார் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டிப் பூட்டிக் களைத்துப் போகிறாய், அம்மாவுக்குத் தெரியும். ஆனால் இங்கே தொண்ணூறு வயதுக்காரி மழையில் பாலம் தாண்டினாள் என்பதை நீயும் தெரிந்துகொள், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முதுகுக்குத் தடவ நான் அனுப்பின தைலத்தைச் சூடு பண்ணித் தடவு, சும்மா தடவினால் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போ, பெர்னிஸ் பின்னால் உட்கார்ந்து தூங்காதே. பிள்ளைகளைக் கீரை சாப்பிடப் பழக்கு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதித்து, உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் வைப்பாராக. நவம்பர் எட்டாம் தேதி, செவ்வாய் என்று வெல்மா சொன்னாள், நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வை. அன்றைக்கு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போய், உங்கள் ஊரில் ஓட்டுப் போடுகிற இடத்து வாசலில் நின்று, பெர்னிஸிடம் சொல்லி ஒரு படம் எடுக்க வைத்து உடனே தபாலில் போடு. உன் அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவார். அவர் சொல்லித் திரிவதை உண்மையாக்கு மகனே. படத்தில் முகம் தெளிவாக விழ வேண்டும், தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொள்.

உன் அன்பு அம்மா,
அர்லீத்தா